முதுநிலை முதலாண்டு படிக்கும் மகள் கைபேசியை எடுப்பதில்லை, அழைத்து வந்துவிடலாமா?

கேள்வி: பாலக்கோட்டிலிருந்து ஒரு தந்தை, 2025 ஜூலை 6

என் மகள் தென் மாவட்டத்தில் உள்ள ஒரு கல்லூரியில் மகப்பேறு மருத்துவம் முதுநிலை முதலாண்டு படிக்கிறாள். சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது; இரண்டு முறைதான் வீட்டுக்கு வந்திருக்கிறாள். முன்பெல்லாம் இரவு ஒன்பது மணிக்குத் தவறாமல் பேசுவாள். இப்போது 'டியூட்டியில் இருக்கிறேன்' என்று ஒரு வரிச் செய்தி மட்டும் வருகிறது. தாய்மாமன் மகள் திருமணத்துக்கும் வரவில்லை. நான் தக்காளி பயிரிடுகிறவன். எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் மருத்துவர் என்று ஒருவரும் இல்லை. இது அந்தப் படிப்பின் இயல்பா, அல்லது பிள்ளைக்கு மனத்தில் ஏதாவது ஆகிவிட்டதா? நேரில் போய் அழைத்து வந்துவிடலாமா? டாக்டரம்மா யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

2025 ஜூலை 6, இரவு 10.20

நான் மயக்க மருத்துவர். தருமபுரியில் குடியிருந்துகொண்டு, இங்கிருந்து கிருஷ்ணகிரி வரை அழைக்கும் மருத்துவமனைகளுக்கெல்லாம் போய் வருகிறவள். 2010 முதல் 2013 வரை வேறொரு மாவட்டத்தில் முதுநிலை படித்தேன். அந்தக் கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம்.

ஐயா, உடனே போய் அழைத்து வர வேண்டாம். உங்கள் மகள் களைத்திருக்கிறாரா, ஒடிந்திருக்கிறாரா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கும். மகப்பேறு பிரிவில் முதலாண்டு மாணவி என்றால், அவருடைய யூனிட்டுக்கு, அதாவது அவர் வேலை செய்யும் மருத்துவர் குழுவுக்கு, அட்மிஷன் நாள் (புதிய நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளும் முறை நாள்) வரும்போது காலை எட்டு மணிக்கு லேபர் வார்டில் நுழைகிறவர் மறுநாள் காலையில் ரவுண்ட்ஸ் முடித்து, கேஸ் ஷீட் எழுதி, பரிசோதனை முடிவுகளைத் தேடி வாங்கி, பெரும்பாலும் மறுநாள் பிற்பகலில்தான் விடுதிக்குத் திரும்புவார். அந்த முப்பது, முப்பத்திரண்டு மணி நேரத்தில் கைபேசி வெள்ளை அங்கியின் பையில் அணைந்து கிடக்கும். திரும்பியதும் முதலில் குளிப்பதா, சாப்பிடுவதா, உங்களிடம் பேசுவதா என்று யோசித்துக்கொண்டே கட்டிலில் சாய்ந்து அப்படியே உறங்கிவிடுவார்.

'எப்படியம்மா இருக்கிறாய்' என்று கேட்காதீர்கள். அதற்கு 'நன்றாக இருக்கிறேன்' என்ற விடைதான் கிடைக்கும். நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய், இன்று என்ன சாப்பிட்டாய், யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விதான் முக்கியம். வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்பது சட்டம். ஆண்டுக்கு 12 நாள் விடுப்பும் உண்டு. அதையும் கேட்டுப் பாருங்கள்.

2025 ஜூலை 7, காலை 6.50

நேற்றிரவு எழுதியதில் இரண்டு பிழைகள். இளைஞர் ஒருவர் திருத்தியிருக்கிறார். அவர் சொல்வதே சரி.

முதலாவது, 48 மணி நேரம் என்பது சட்டம் அன்று. மத்திய அரசு 1992 ஜூன் 5 அன்று உறைவிட மருத்துவர்களுக்காக, அதாவது வார்டில் வேலை பார்த்தபடியே படிக்கும் முதுநிலை மாணவர்கள் போன்றோருக்காக, வெளியிட்ட ஆணையில் அது இருக்கிறது: வாரத்துக்குச் சாதாரணமாக 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஆனால் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று அதே பத்தியில் ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறார்கள். நான் அறிந்த எல்லோரும் அந்தக் கதவு வழியாகவே போய் வந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, விடுப்பு. நான் பழைய நினைவில் 12 என்று எழுதிவிட்டேன். தேசிய மருத்துவ ஆணையம் 2023 டிசம்பர் இறுதியில் வெளியிட்ட முதுநிலைக் கல்வி ஒழுங்குமுறைகளின்படி, ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் ஊதியத்துடன் கூடிய தற்செயல் விடுப்பு, 5 நாள் கல்வி விடுப்பு, வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை ஆகியவை உண்டு. வார விடுமுறைக்கு முன்னால் மட்டும் 'பணியின் அவசரத்தைப் பொறுத்து' என்று ஒரு சொற்றொடர் நிற்கிறது. லேபர் வார்டில் அவசரம் இல்லாத வாரம் எது என்று கண்டுபிடித்துச் சொல்கிறவருக்கு நான் மாம்பழக் கூடை ஒன்று தருகிறேன். வேலை நேரத்தைப் பற்றி அந்த ஒழுங்குமுறை எண் எதையும் சொல்லவில்லை; 'நியாயமான வேலை நேரம், நியாயமான ஓய்வு' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. எது நியாயம் என்பதை யூனிட் சீஃப், அதாவது அந்தக் குழுவின் தலைமை மருத்துவர், முடிவு செய்வார்.

2025 ஜூலை 9, இரவு 11.40

களைப்பு வேறு, ஒடிதல் வேறு என்று எழுதியதை விளக்கச் சொல்லிச் சிலர் கேட்டிருக்கிறார்கள். என் கதையைச் சொல்கிறேன். இதை 14 ஆண்டுகளாக யாரிடமும் சொன்னதில்லை.

2011இல் ஒரு விடியற்காலை, நாலு மணி இருக்கும். குடல் வெடித்த நோயாளிக்கு அறுவை நடந்துகொண்டிருந்தது. அந்தத் திரையரங்கில், நாங்கள் அறுவை அரங்கை அப்படித்தான் கேலியாகச் சொல்வோம், அன்று வென்டிலேட்டர் பழுது. நான் நோயாளியின் தலைமாட்டில் நின்று கையால் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அழுத்து, விடு, இரண்டு மூன்று எண்ணு, மறுபடி அழுத்து. பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் ஒலி எழுப்பும். இரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் அந்த ஒலியின் சுருதி இறங்கும். நான் அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டே நின்றபடி உறங்கிவிட்டேன். கனவில் யாரோ வீணையின் தந்தியைத் தளர்த்துவது போல இருந்தது. கண்ணைத் திறந்தால் திரையில் 91. என் கை பையின் மேல் அசையாமல் இருந்தது. நான்கு முறை அழுத்தியதும் 98க்கு வந்துவிட்டது. நோயாளி பத்தாம் நாள் தையல் பிரித்து வீட்டுக்குப் போனார். அறுவை செய்தவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அன்று நான் களைத்திருந்தேன், அவ்வளவுதான். மறுநாள் பயந்தேன், அழுதேன். ஒடிதல் அதற்கு ஓராண்டு கழித்து வந்தது; அப்போது அழுகையே வரவில்லை. 'ஏழாம் படுக்கைக்கு முதுகில் ஸ்பைனல் ஊசி கொடுத்தாயிற்று, பன்னிரண்டாம் படுக்கை போய்விட்டது' என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிப்பேன். போனது ஓர் ஆள் என்பதே உறைக்காது. கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1981இல் உடன் ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து உருவாக்கிய அளவுகோல் பணிச்சோர்வை மூன்று கூறுகளாகப் பார்க்கிறது: உணர்வு வற்றிப்போதல், எதிரில் இருப்பவர் மனிதர் என்பதே மறந்துபோதல், நாம் செய்வதற்கு மதிப்பே இல்லை என்று தோன்றுதல். எனக்கு மூன்றும் இருந்தன. அதற்குப் பெயர் உண்டு என்பது படிப்பை முடித்த பிறகுதான் தெரிந்தது.

ஆகவே ஐயா, மகள் நோயாளிகளைப் பற்றி எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். ஏதோ ஓர் அம்மாவைப் பற்றி, ஏதோ ஒரு குழந்தையைப் பற்றிக் கோபமாகவோ அழுதோ சொல்கிறார் என்றால் எனக்குக் கவலை குறைவு.

2025 ஜூலை 10, பகல் 1.05

விடுதி மெஸ்ஸில் களி கிடைக்குமா என்று தந்தை கேட்டிருக்கிறார். ஐயா, நம் ஊரில்தான் கேழ்வரகுக் களி வீட்டுச் சாப்பாடு. மற்ற ஊர்களில் 'களி தின்னப் போனான்' என்றால் சிறைக்குப் போனான் என்று பொருள். விடுதியிலும் கதவு, காவலாளி, வெளியே போகக் கையெழுத்துப் புத்தகம் எல்லாம் உண்டு. களி மட்டும்தான் இல்லை.

2025 ஜூலை 13, மாலை 5.30

ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர் ஒருவர் கடுமையாக எழுதியிருக்கிறார். தம் காலத்தில் 36 மணி நேரம், 48 மணி நேரம் நின்றார்களாம். அப்படி நின்றதால்தான் கை பழகியதாம். இப்போதைய பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி இல்லையாம். சார், உங்கள் கையை நான் மதிக்கிறேன். ஆனால் நின்றவர்களைத்தான் நாம் எண்ணுகிறோம். நிற்க முடியாமல் போனவர்கள் இங்கே வந்து எழுத மாட்டார்கள்.

இந்த விவாதம் நியூயார்க்கில் 1984இலேயே தொடங்கிவிட்டது. லிபி சயன் என்ற 18 வயதுப் பெண் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்து சில மணி நேரத்தில் இறந்துபோனார்; பார்த்துக்கொண்டவர்கள் நீண்ட நேரப் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர்கள். பத்திரிகையாளரான அவருடைய தந்தை விடவில்லை. 1989இல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம், தொடர்ச்சியாக 24 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 2003இல் அந்த 80 மணி நேரம் அமெரிக்கா முழுமைக்கும் வந்தது. நோயாளியின் தந்தை தொடங்கியதை இங்கே ஒரு மருத்துவரின் தந்தை கேட்கிறார்.

ஆனால் உங்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்பதை மறைக்கப் போவதில்லை. 2011இல் அங்கே முதலாண்டினருக்கு 16 மணி நேர வரம்பு வைத்தார்கள். 2017இல் அதைத் தளர்த்தி மறுபடியும் 24 ஆக்கினார்கள். மணியைக் குறைத்தால் நோயாளி கைமாறுவது கூடுகிறது. கைமாறும்போது ஏதாவது ஒன்று சொல்லாமல் விட்டுப்போகிறது. அறுவைப் பிரிவுகளில் நடத்தி 2016இல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வில், வரம்பைத் தளர்த்திய இடங்களில் நோயாளிகளின் நிலை மோசமாகவில்லை. பயிற்சி மருத்துவர்களும் நோயாளியை முழுமையாகப் பின்தொடர முடிந்ததாகச் சொன்னார்கள். ஆனால் தங்கள் சொந்த வாழ்க்கை அடிபட்டது என்று அவர்களே கூடுதலாகச் சொன்னார்கள். நாம் பேசிக்கொண்டிருப்பதும் அந்த இரண்டாவது பாதியைத்தானே. நோயாளிக்கு ஆபத்தில்லை என்பதால் மருத்துவருக்கும் ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

2025 ஜூலை 14, காலை 5.45

உறக்கம் வரவில்லை. நேற்று பெரியவருக்கு எழுதியதைத் திரும்பப் படித்தேன். 'தாங்கும் சக்தி இல்லை' என்று அவர் சொன்னதற்குச் சீறினேனே, அதே வாக்கியத்தை நானே சொல்லியிருக்கிறேன். மூன்றாமாண்டில் எனக்குக் கீழே வந்த முதலாண்டுப் பையன் ஒருவன் இரவு இரண்டு மணிக்கு வந்து, அரை மணி நேரம் படுத்துக்கொள்ளட்டுமா அக்கா என்று கேட்டான். 'நாங்கள் படாததா?' என்றேன். அந்த அரை மணி நேரத்துக்குச் செய்ய வேண்டிய வேலை எதுவும் அப்போது இல்லை என்பது எனக்குத் தெரியும். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் தலை சாய்த்திருந்தான். எனக்கு அது பிடித்திருந்தது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் பிடித்திருந்தது. நம்மை வதைத்தவரிடம் திருப்பிக் கொடுக்க முடியாது. அடுத்து வருகிறவன்தான் கிடைப்பான்.

2025 ஜூலை 20, இரவு 9.00

'நல்வாழ்வு' என்ற பெயரில் கல்லூரிகள் இப்போது பல நிகழ்ச்சிகள் நடத்துகின்றன, அவை பயன்படுமா என்று கிருஷ்ணகிரியிலிருந்து ஒருவர் கேட்கிறார். நான் படித்த காலத்திலேயே ஒன்று நடந்தது. மன அழுத்த மேலாண்மை பற்றிய சொற்பொழிவு, பிற்பகல் மூன்று மணி, வருகைப்பதிவு கட்டாயம். முந்தின இரவு டியூட்டி முடித்தவர்கள் முதல் மூன்று வரிசையில் உட்கார வைக்கப்பட்டார்கள். பேச்சாளர் கண்களை மூடிக்கொள்ளுங்கள், மூச்சை ஆழ இழுங்கள் என்றார். மூடிய கண்கள் நிகழ்ச்சி முடிந்து நன்றியுரை வரை திறக்கவில்லை. அன்று எங்களுக்குக் கிடைத்த மிகச் சிறந்த நல்வாழ்வு அந்த ஒன்றரை மணி நேரத் தூக்கம்தான். பேச்சாளருக்கு இன்றும் நன்றி.

யோகத்தை நான் குறை சொல்லவில்லை. உறங்க ஓர் இடம், இரவு ஒரு மணிக்குச் சூடாக ஒரு கவளம், வாரத்தில் ஒரு நாள், மேலே இருப்பவருக்குத் தெரியாமல் பேச ஓர் ஆள் ஆகியவை இருந்துவிட்டால் பிறகு யோகம் வரட்டும். தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழுவின் அறிக்கை 2024இல் வந்தது. 5,337 முதுநிலை மாணவர்கள் அதன் கேள்விகளுக்கு விடையளித்திருக்கிறார்கள். அவர்களில் 31 விழுக்காட்டினருக்கு மேல், ஓராண்டுக்குள் உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். விருப்பப்பட்டவர்கள் இணைய வழியாக விடையளித்தது என்பதால், வலி உள்ளவர்களே அதிகம் எழுதியிருக்கலாம் என்று கழித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கழித்தாலும் மிஞ்சுவது கொஞ்சம் இல்லை.

அதே அறிக்கை வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று பரிந்துரைக்கிறது. எண் விசித்திரமாக இருக்கிறதே என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு 24 மணி நேரப் பணி, ஐந்து நாள் பத்துப் பத்து மணி நேரம், ஒரு நாள் விடுமுறை. சரியாக 74. பரிந்துரைதான், கட்டளை இல்லை. ஆனால் டியூட்டிப் பட்டியல் எழுதத் தெரிந்த யாரோ அந்தக் குழுவில் இருந்திருக்கிறார்கள் என்பது ஆறுதலாக இருக்கிறது.

பேச ஆள் என்றேனே, அதில் ஒரு சிக்கல். கல்லூரிக்குள் மனநல ஆலோசனை என்றால் பெரும்பாலும் அதே கல்லூரியின் மனநல மருத்துவத் துறைக்குத்தான் போக வேண்டும். அங்கே இருப்பவர் உங்கள் சீஃபோடு தினமும் காபி குடிப்பவர். அவர் ஒரு சொல்கூட வெளியே விட மாட்டார். மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 இரகசியத்தை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. இருந்தாலும் புறநோயாளிச் சீட்டில் பெயரெழுதி வரிசையில் நிற்கும்போது நமக்குக் கீழே பயிற்சி பெறும் ஹவுஸ் சர்ஜனே நம்மைப் பார்த்து வணக்கம் சொல்வார். அதனால் வெளியே பேசுவது எளிது. 14416 என்பது டெலி மானஸ்; 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104க்கும் அழைக்கலாம். உயிரை விடும் பேச்சு ஒரு முறை வந்தாலும், அப்போது நான் முதலில் எழுதிய 'போக வேண்டாம்' என்பதை மறந்துவிட்டு அன்றிரவே பேருந்து ஏறுங்கள், ஐயா.

2025 ஜூலை 21, பகல் 12.10

படிப்பை விட்டுவிட்டால் பெருந்தொகை கட்ட வேண்டுமாமே என்று தந்தை கேட்டிருக்கிறார். பல மாநிலங்களில் இடையில் நிற்பவர்களுக்கு அப்படி ஒரு பிணைத்தொகை இருக்கிறது. அது மாணவர்களின் மனநலத்தைக் கெடுக்கிறது, கைவிடுங்கள் என்று தேசிய மருத்துவ ஆணையமே 2024 ஜனவரியில் மாநிலங்களுக்கு எழுதியது. உங்கள் மகளின் கல்லூரியில் எவ்வளவு என்பது அவர் கையெழுத்திட்ட தாளில் இருக்கும். ஆனால் அவர் விடப்போவதாகச் சொல்லவே இல்லையே! நீங்களாக அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

2025 ஜூலை 27, இரவு 10.00

'யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்' என்ற கேள்வி ஏன் முக்கியம் என்று எழுதாமலே விட்டுவிட்டேன்.

உடன் படிக்கும் முதுநிலை மாணவர்களைப் போல நெருங்கியவர்கள் கிடையாது. அவர்களைப் போல எளிதில் பகையாகிறவர்களும் கிடையாது. யூனிட்டில் முதலாண்டினர் இருவர் என்றால், ஒருவர் விடுப்பு எடுக்கும் நாளில் அவருடைய டியூட்டி மற்றவர் தலையில் விழும். என் உடன் மாணவியின் அக்காள் திருமணம் எனக்கு 48 மணி நேரப் பணி. என் அம்மாவின் கண் அறுவை அவளுக்கு இரண்டு அட்மிஷன் நாள். குணத்தில் ஒரு குறையும் இல்லாதவர்களைக்கூட அந்தப் பட்டியல் கணக்குப் பார்க்க வைத்துவிடும். எனக்கும் என் உடன் மாணவிக்கும் எட்டு மாதம் பேச்சே இல்லை. காரணம் ஒரு தீபாவளி. இன்று அவர் என் குழந்தைகளுக்குச் சித்தி.

என்னை அந்த எட்டு மாதத்தில் காப்பாற்றியது மருத்துவமனை வாசலில் இருந்த தேநீர்க்கடை. எலும்பியல், குழந்தை மருத்துவம், நோய்க்குறியியல், மயக்கவியல் என்று நான்கு துறைகளிலிருந்து நால்வர், வியாழன் இரவு யாருக்கு டியூட்டி இருந்தாலும் பத்து நிமிடம் அங்கே வந்து நிற்பது என்று வைத்துக்கொண்டோம். நோயாளிகளைப் பற்றிப் பேசுகிறவர் எல்லோருக்கும் பன் பட்டர் வாங்கித் தர வேண்டும் என்பது விதி. மூன்று ஆண்டுகளில் குழந்தை மருத்துவருக்குப் பாதிச் சம்பளம் பன்னுக்கே போயிருக்கும். வெவ்வேறு துறை என்பதால் ஒருவருடைய விடுப்பு மற்றவருக்குச் சுமையாகாது; ஆகவே பொறாமையில்லாமல் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்க முடிந்தது. உங்கள் மகளுக்கு வேறு துறையில் ஒரு தோழி இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதுதான் முதல் வேலை.

2025 ஆகஸ்ட் 3, மாலை 6.15

இன்று ஆடிப்பெருக்கு. ஒகேனக்கல் பக்கம் ஊரே திரண்டிருக்கிறது. இன்றுதான் முதுநிலை நீட் தேர்வும். நாம் இங்கே பேசுவதற்கு அதனோடு என்ன தொடர்பு என்றால், அடுத்த ஆண்டு மாணவர்கள் வந்து சேரும் வரை முதலாண்டினரே கடைசிப் படியில் நிற்பார்கள். தேர்வோ கலந்தாய்வோ ஒரு மாதம் தள்ளிப்போனால் அவர்களுடைய விடுதலையும் ஒரு மாதம் தள்ளிப்போகும். 2021 ஏப்ரலில் நடக்க வேண்டிய தேர்வு செப்டம்பரில் நடந்து, கலந்தாய்வு 2022 ஜனவரிக்குப் போனது. டில்லியில் 2021 டிசம்பரில் பயிற்சி மருத்துவர்கள் தெருவுக்கு வந்ததற்கு அதுதான் காரணம்: மூன்று ஆண்டு மாணவர்கள் பார்க்க வேண்டிய வார்டை இரண்டு ஆண்டு மாணவர்கள் பார்த்தார்கள்.

இன்னொன்று. அரசுக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீடு. அதனால் ராஜஸ்தானிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பிள்ளைகள் நம் பக்கம் வருகிறார்கள். இந்தப் பகுதியில் நான் மயக்கம் கொடுக்கப் போகும் இடத்தில் அப்படி ஒரு தம்பியைச் சந்தித்தேன். மூன்று மாதத்தில் தமிழில் 'வலி எங்கே', 'மூச்சு இழுங்க', 'ஒண்ணும் ஆகாது' மூன்றும் கற்றுக்கொண்டுவிட்டார். ஓசூர் பக்கத்துப் பாட்டி ஒருவர் தெலுங்கில் விடை சொன்னதும் திகைத்துவிட்டார்; அதற்கடுத்தவர் கன்னடம். வேலைக்குத் தேவையான சொற்கள் வந்துவிட்டன, பேச்சுத் துணைக்கு ஒரு சொல்கூட வரவில்லை என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுவாரம் வீட்டுக்கு அழைத்துக் களியும் கீரைக் கடைசலும் வைத்தோம். களியை மென்றார். மெல்லக் கூடாது, உருட்டி விழுங்க வேண்டும் என்று என் மாமியார் சைகையில் கற்றுக்கொடுத்தார். அவர்கள் இருவரும் இன்றுவரை சைகையில்தான் பேசிக்கொள்கிறார்கள், மணிக்கணக்காக.

2025 ஆகஸ்ட் 9, இரவு 8.40

கொல்கத்தாவில் இரவுப் பணியில் இருந்த முதுநிலை மாணவி கொல்லப்பட்டு இன்றோடு ஓராண்டு. ஓய்வெடுக்க அவர் போனது ஒரு கருத்தரங்கக் கூடம். அந்தச் செய்தியைப் படித்தபோது பலர் கொலையாளியைப் பற்றிப் பேசினார்கள். நான் அந்தக் கூடத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். நாங்களும் அப்படித்தான் உறங்கினோம்: கருத்தரங்கக் கூடத்துப் பெஞ்சில், காலியான நோயாளிப் படுக்கையில், கேஸ் ஷீட் கட்டுகளைத் தலைக்கு வைத்து மூடிய புறநோயாளி அறையில். உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும், அதை ஒட்டி ஒரு கழிவறையும் இருந்தால் அது பெண் மருத்துவர்களுக்கு எந்தச் சொற்பொழிவையும் விடப் பெரியது. மகளின் வார்டில் அப்படி ஓர் அறை உண்டா என்று கேட்பதில் தவறில்லை.

பெண்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. அதை ஏற்றுவது நாம்தான். 'வரன் வந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வந்துவிட்டுப் போ' என்போம். ஐயா, உங்களை அறியாமல் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: அவர் அந்தத் திருமணத்துக்கு வராமல் இருந்ததற்கு டியூட்டி மட்டுமே காரணமாக இல்லாமலும் இருக்கலாம்.

2025 ஆகஸ்ட் 10, காலை 7.30

தந்தையின் மறுமொழி ஒரே வரி: 'ஆமாம், இரண்டு வரன் பேசினோம், நிறுத்திவிட்டோம்.' நான் ஊகித்ததை எண்ணி எனக்குப் பெருமை இல்லை. என் அம்மாவும் அதைத்தான் செய்தார்.

2025 ஆகஸ்ட் 24, இரவு 9.50

நான் எழுதியதை மீறித் தந்தை போன வாரம் போய் வந்திருக்கிறார், அதுவும் சொல்லாமல். 'சொல்லிவிட்டுப் போனால் வராதீர்கள் என்பாள்' என்கிறார். தூக்குச்சட்டியில் களி, புளிக்குழம்பு, காவேரிப்பட்டணத்து நிப்பட்டு ஒரு டின். சேலத்தில் பேருந்து மாறி, விடியற்காலையில் இறங்கி, லேபர் வார்டு வாசலில் உறவினர்கள் உட்காரும் திண்ணையில் அவரும் உட்கார்ந்திருக்கிறார். மகள் பத்தரை மணிக்கு வெளியே வந்து, இவரைப் பிரசவத்துக்கு வந்த யாரோ ஒருவரின் தந்தை என்று நினைத்து, 'குழந்தை நல்லா இருக்கு, கொஞ்சம் பொறுங்க' என்று சொல்லிவிட்டு இரண்டடி கடந்து போய்த் திரும்பிப் பார்த்தாராம். பிறகு பத்து நிமிடம் அங்கேயே நின்று அழுதிருக்கிறார்.

களியை ஐந்து பேர் உண்டிருக்கிறார்கள். அதில் இருவர் மகளுக்கு இதற்குமுன் பெயர் தெரியாத, பக்கத்து அறைத் தோல் மருத்துவ மாணவிகள். வேறு துறை! ஆகவே ஜூலை 6 அன்று நான் எழுதிய 'போக வேண்டாம்' என்பதைத் திரும்பப் பெறுகிறேன். அழைத்து வரப் போகக் கூடாது. சாப்பாடு கொண்டு போகலாம். நான் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டேன்.

மகள் அழுதார் என்பதைப் படித்து இங்கே சிலர் பதறியிருக்கிறார்கள். எனக்கு அது நல்ல செய்தி. ஜூலை 9 குறிப்பைப் பாருங்கள்.

2025 ஆகஸ்ட் 25, பகல் 2.20

ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர் மறுபடி எழுதியிருக்கிறார். இம்முறை வாதம் இல்லை. தம் முதலாண்டில் ஒரு வார்டு ஆயா தினமும் இரவு ஒரு டம்ளர் பால் எடுத்து வைத்திருப்பார் என்றும், அந்த அம்மாவின் பெயரைத் தாம் கேட்டதே இல்லை என்றும் எழுதியிருக்கிறார். சார், அதை முதலிலேயே எழுதியிருக்கலாமே.

2025 செப்டம்பர் 7, மாலை 4.10

மகள் வந்திருக்கிறாராம். ஒரு நாள் வார விடுமுறையோடு ஒரு நாள் தற்செயல் விடுப்பைச் சேர்த்து, தோல் மருத்துவத் தோழி ஒருவரையும் கூட்டிக்கொண்டு, நேற்றிரவு பதினொன்றுக்குப் பாலக்கோட்டில் இறங்கியிருக்கிறார்கள். சாப்பிட்டுப் படுத்தவர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. பங்காளி வீட்டினர் டாக்டர் பெண்ணைப் பார்க்க வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பதினேழு மணி நேரம் ஆகிறதே, எழுப்பலாமா என்று தந்தை கேட்கிறார்.

எழுப்ப வேண்டாம், ஐயா. வந்தவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.